பெரியவர்களுக்கு ஆங்கில இலக்கணம்: எதை முதலில், எதை அப்புறம்?

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வேலைக்குப் போகும் பெரியவர்கள் சிலருக்கு நீங்கள் மாலை நேரத்தில் ஆங்கிலம் சொல்லித்தருகிறீர்கள். பெயர்ச்சொல், வினைச்சொல் என்று ஆரம்பித்துப் பன்னிரண்டு டென்ஸ் அட்டவணை வரை நடத்தி முடித்துவிட்டீர்கள். விதியைக் கேட்டால் தடுமாறாமல் ஒப்பிக்கிறார்கள். ‘நேற்று எங்கே போனீர்கள்?’ என்று ஆங்கிலத்தில் கேட்டால் மட்டும் வாய் கட்டிவிடுகிறது. அடிப்படை இலக்கணத்தை எந்த வரிசையில், எவ்வளவு, எப்படி நடத்துவது?

உங்கள் மாணவர்களிடம் குறை ஒன்றும் இல்லை. விதியைத் தெரிந்துவைத்திருப்பது ஒரு திறமை. எதிரில் ஒருவர் பதிலுக்குக் காத்திருக்கும்போது அந்த விதிப்படி வாக்கியம் கட்டுவது வேறொரு திறமை. முதலாவது இருந்தால் இரண்டாவது தானாக வந்துவிடாது; அதைத் தனியாகத்தான் பழக வேண்டும். உங்கள் வகுப்பு நேரம் முழுக்க முதலாவதற்கே போயிருக்கிறது. விளக்கத்தைக் குறையுங்கள், விதிகளின் எண்ணிக்கையை அதைவிடக் குறையுங்கள். மிஞ்சும் சில விதிகளை வைத்து மாணவர்கள் தங்கள் சொந்த விஷயத்தைச் சொல்லவும் கேட்கவும் பழகட்டும். மற்றதெல்லாம் இதன் விவரம்தான்.

இப்படிச் சொன்னதும் சிலர் மறு எல்லைக்குப் போய்விடுவார்கள்: இலக்கணமே வேண்டாம், பேசப்பேச வந்துவிடும் என்று. குழந்தைகளுக்கு அது பொருந்தலாம். பெரியவர்கள் விஷயத்தில் அதை அப்படியே நம்ப முடியாது. ரிச்சர்ட் ஷ்மிட் என்ற மொழியியலாளர், ஹவாயில் குடியேறிய ஜப்பானிய ஓவியர் ஒருவரின் ஆங்கிலத்தை ஏறக்குறைய மூன்று ஆண்டுகள் கவனித்து 1983-இல் எழுதினார். அந்த ஓவியர் நன்றாகப் பழகுவார், நாள் முழுக்க ஆங்கிலத்தில் பேசுவார், வேலையையும் நட்பையும் ஆங்கிலத்திலேயே நடத்தினார். பேச்சுத் திறமை நன்றாகவே வளர்ந்தது. ஆனால் பன்மைக்கும் இறந்த காலத்துக்கும் சேர வேண்டிய சின்னச்சின்ன விகுதிகள் மூன்று ஆண்டுக்குப் பிறகும் பெரும்பாலும் வந்து ஒட்டவில்லை. கவனத்துக்கே வராத ஒன்றைக் காது எவ்வளவு கேட்டாலும் வாய் கற்றுக்கொள்வதில்லை என்ற எண்ணத்துக்கு ஷ்மிட் பிற்பாடு வந்து சேர்ந்தார். நோரிஸ், ஒர்ட்டேகா என்ற ஆய்வாளர்கள் இருவரும் 2000-இல் இரண்டாம் மொழி கற்பித்தல் பற்றிய 49 ஆய்வுகளின் முடிவுகளைச் சேர்த்துப் பார்த்தபோதும், விதியை வெளிப்படையாகச் சொல்லிக்கொடுப்பதே கூடுதல் பலன் தந்திருந்தது. அந்த ஆய்வுகளில் பலவும் நிதானமாக யோசித்து விடையளிக்கும் வகைத் தேர்வை வைத்தே அளந்தவை என்பதையும் அவர்களே குறிப்பிட்டிருக்கிறார்கள். ஆக, விளக்கம் வேண்டும். அது கவனத்தைத் திருப்பும் அளவுக்கு இருந்தால் போதும்.

அடுத்து வரிசை. பாடப்புத்தகங்கள் விளக்க எளிதானதை முதலில் வைக்கின்றன. ஆனால் விளக்க எளிதானது சீக்கிரம் படிந்துவிடும் என்பதில்லை. இதற்கு ‘எஸ்’ஸைவிட நல்ல சாட்சி கிடையாது. ‘ஐ ஒர்க்’, ஆனால் ‘ஷி ஒர்க்ஸ்’. ஒரே நிமிடத்தில் சொல்லிவிடலாம், யாருக்கும் புரியும். ஆனாலும் வருஷக்கணக்காக ஆங்கிலம் பேசுபவர்கள்கூட இதை விட்டுவிடுகிறார்கள். 1974-இல் பெய்லி, மேடன், கிராஷன் மூவரும் ஆங்கிலம் கற்கும் 73 பெரியவர்களைச் சோதித்தார்கள். ஸ்பானிஷ் பேசுபவர்களும் வேறு பல மொழிக்காரர்களும் கலந்த குழு. ‘இங்’ விகுதியும் பன்மையும் நன்றாக வந்தன. இந்த ‘எஸ்’ கடைசி வரிசையில் நின்றது. தாய்மொழி வேறானாலும் வரிசை ஏறக்குறைய ஒன்றுதான். தாய்மொழிக்கேற்ப இந்த வரிசை ஓரளவு மாறும் என்று பிற்கால ஆய்வுகள் திருத்தியிருக்கின்றன. தாய்மொழியில் ஆர்ட்டிக்கிள், அதாவது பெயருக்கு முன்னால் வரும் ‘எ’, ‘தி’ போன்ற சொல், இல்லாதவர்களுக்கு அது இன்னும் தாமதமாகிறது. தமிழர்களாகிய நாமும் அந்தக் கூட்டம்தான்.

‘எஸ்’ ஏன் படிவதில்லை? அதில் பொருள் எதுவும் இல்லை. ‘ஷி’ என்றபோதே யார் என்று தெரிந்துவிட்டது, அப்புறம் ‘எஸ்’ எதற்கு? போதாக்குறைக்கு அது சொல்லின் கடைசியில், மெய்யோடு மெய்யாக ஒட்டி, காதில் விழாத இடத்தில் உட்கார்ந்திருக்கிறது. ஆகவே முதல் மாதமே சொல்லிக்கொடுங்கள், எழுத்தில் திருத்துங்கள், ஆனால் பேச்சில் அது வரவில்லை என்பதற்காக ஒருவரை அடுத்த பாடத்துக்குப் போகவிடாமல் நிறுத்திவைக்காதீர்கள்.

சரி, எங்கே தொடங்குவது? வாக்கியத்தின் எலும்புக்கூட்டில். தமிழில் ‘அவர் மருத்துவர்’ என்றால் முழு வாக்கியம், வினைச்சொல் தேவையில்லை. ‘வந்தேன்’ என்றாலும் முழு வாக்கியம், எழுவாய் தேவையில்லை. ஆங்கிலத்தில் கட்டளை வாக்கியம் போன்ற சிலதைத் தவிர இரண்டுமே முடியாது. எழுவாயும் வேண்டும், வினையும் வேண்டும், அதே வரிசையில் வேண்டும். சொல்ல ஆளே இல்லாத இடத்தில்கூட, மழை பெய்கிறது என்பதற்கு, ‘இட் இஸ் ரெயினிங்’ என்று ஒரு வெற்று ‘இட்’டைக் கொண்டுவந்து நிறுத்துகிறார்கள். நம்மவர்கள் ‘ரெயின் இஸ் கமிங்’ என்பதற்குக் காரணம் தமிழில் மழைதான் பெய்கிறது என்பது. இந்த ஒரு வித்தியாசத்தைத் தமிழிலேயே, இரண்டு மொழி வாக்கியங்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் காட்டினால் பெரியவர்கள் உடனே பிடித்துக்கொள்வார்கள். ஒரு மொழியை முழுதாக வைத்திருப்பவர்கள் அவர்கள். அதைப் பயன்படுத்தாமல் ‘வகுப்பில் ஆங்கிலம் மட்டும்’ என்று பலகை மாட்டுவது வீண் வீராப்பு.

எலும்புக்கூடு இரண்டு வகை. ஒன்று ‘ஆம், இஸ், ஆர்’ வருவது: நான் யார், எப்படி இருக்கிறேன், எங்கே இருக்கிறேன். இன்னொன்று செயலைச் சொல்லும் வினை வருவது: நான் என்ன செய்கிறேன். முதல் வகையை நடத்திய மறுநாளே ‘ஐ ஆம் ஒர்க் ஹியர்’ என்று வகுப்பில் கேட்கும். பயப்பட வேண்டாம். புதிதாகக் கிடைத்த ‘ஆம்’ என்பதை எல்லா இடத்திலும் போட்டுப் பார்க்கிறார்கள், அவ்வளவுதான். ‘ஒர்க்’ என்ற வினை அப்படியே நின்றால் ‘ஆம்’ வேண்டாம். ‘ஒர்க்கிங்’ ஆனால் வேண்டும். இந்த இரண்டு வகையையும் பிரித்தறிய ஒரு மாதம் ஆனாலும் செலவிடுங்கள். ஏனென்றால் கேள்வியும் எதிர்மறையும் முழுக்க இந்தப் பிரிவின் மேல்தான் நிற்கின்றன.

என்னைக் கேட்டால் அடிப்படை ஆங்கில இலக்கணத்தின் இதயம் டென்ஸ் அல்ல, கேள்வி. தமிழில் எந்த வாக்கியமானாலும் கடைசியில் ஒரு ‘ஆ’ போட்டால் கேள்வி: வந்தாரா, மருத்துவரா, நாளைக்கா. ஆங்கிலத்தில் முதல் வகை வாக்கியத்தில் இடத்தை மாற்ற வேண்டும்: ‘ஷி இஸ் பிஸி’, ‘இஸ் ஷி பிஸி?’ இரண்டாம் வகையில் மாற்றி வைக்க எதுவும் இல்லை, அதனால் ‘டூ’ என்ற துணைவினையை வெளியிலிருந்து அழைத்துவர வேண்டும்: ‘டூ யூ ஒர்க் ஹியர்?’ எதிர்மறைக்கும் அதே ஆள்தான்: ‘ஐ டோன்ட் ஒர்க் ஹியர்.’ இந்தத் துணைவினை வந்துவிட்டால் அப்புறம் காலத்தையும் ‘எஸ்’ஸையும் அதுவே சுமக்கும், பிரதான வினை வெறுமனே நிற்கும். ‘டஸ் ஷி ஒர்க்?’, ‘டிட் ஷி ஒர்க்?’ மாணவர்கள் ‘டிட் யூ வென்ட்’ என்றும் ‘டஸ் ஷி ஒர்க்ஸ்’ என்றும் சொல்வது இரண்டு தனித்தனிப் பிழை போலத் தெரியும். ஆனால் பிழை ஒன்றுதான்: ஒரு முறை வைக்க வேண்டிய அடையாளத்தை இரண்டு முறை வைக்கிறார்கள். ‘அடையாளம் ஒரு தடவை, அதுவும் முதலில் நிற்கும் வினையில்’ என்ற ஒரே விதி இரண்டையும் தீர்க்கும். ‘கேன்’, ‘வில்’ வரும்போது பின்னால் வரும் வினை ஏன் மாறாமல் இருக்கிறது என்பதும் இதிலேயே அடங்கிவிடும். ஐந்து பாடமாகப் பிரித்து நடத்துவதை ஒரு பாடமாக்கும் விதி இது.

உங்கள் வகுப்பில் யார் கேள்வி கேட்கிறார்கள் என்று ஒரு நாள் கவனித்துப் பாருங்கள். பெரும்பாலும் நீங்கள்தான். மாணவர்கள் பதில் சொல்கிறார்கள், அதுவும் ஒற்றைச் சொல்லில். அப்படியானால் கேள்வி வாக்கியத்தை அவர்கள் கட்டவே இல்லை. வெளியே போனால் பஸ் எப்போது வரும், படிவத்தை எங்கே கொடுப்பது, நீங்கள் சொன்னதன் பொருள் என்ன என்று முதலில் தேவைப்படுவது கேள்விதான். ஆகவே திருப்பிப் போடுங்கள். வகுப்பின் முதல் பத்து நிமிடம் அவர்கள் உங்களைக் கேள்வி கேட்கட்டும், எதை வேண்டுமானாலும். கேள்வி சரியாக அமைந்தால்தான் பதில் என்று ஒரு நிபந்தனை மட்டும். ஆசிரியரின் சொந்தக் கதையில் இருக்கும் ஆர்வம் எந்தப் பயிற்சிப் புத்தகத்திலும் கிடையாது.

தமிழ் பேசுபவர்களுக்குக் குறிப்பாகப் பயன்படும் ஒரு பாடம் உண்டு. ஆங்கிலத்தில் எழுதப்பட்ட எந்தப் பொதுப் புத்தகத்திலும் அது இருக்காது. ‘எனக்கு’ வாக்கியங்கள். எனக்கு இரண்டு பிள்ளைகள், எனக்குத் தெரியும், எனக்குப் பிடிக்கும், எனக்கு வேண்டும், எனக்குப் பசிக்கிறது, எனக்கு நாற்பது வயது. தமிழில் எல்லாமே ‘எனக்கு’. ஆங்கிலத்தில் எல்லாமே ‘ஐ’: ‘ஐ ஹேவ், ஐ நோ, ஐ லைக், ஐ வான்ட், ஐ ஆம் ஹங்ரி, ஐ ஆம் ஃபார்ட்டி’. இந்த ஆறையும் ஒரே நாளில், ஒரே பலகையில் வையுங்கள். ‘மீ நோ’, ‘ஃபார் மீ டூ சில்ட்ரன்’ போன்றவை ஒரே வீச்சில் குறையத் தொடங்கும். ‘ஐ ஆம் நோயிங்’ என்பதையும் இங்கேயே தொட்டுவிடலாம்: ‘எனக்குத் தெரிந்துகொண்டிருக்கிறது’ என்று தமிழிலும் யாரும் சொல்வதில்லையே என்று கேட்டால் சிரித்துவிட்டு விட்டுவிடுவார்கள்.

‘அவர்’ இன்னொரு பள்ளம். மரியாதைச் சொல்லான அது ஆணுக்கும் பெண்ணுக்கும் பொது. அதனால் அம்மாவைப் பற்றிப் பேசும்போது ‘ஹி’ என்றோ, மரியாதையாக ‘தே’ என்றோ வந்துவிடும். பெரியவர்களுக்கு இதில் ஒரு சங்கடமும் உண்டு: மூத்தவரை ‘ஷி’ என்று சொல்வது ‘அவள்’ என்பது போல உறுத்துகிறது. அந்த உறுத்தல் தேவையில்லை என்று வாய்விட்டுச் சொல்லுங்கள், மரியாதையை ஆங்கிலம் வேறு இடத்தில் வைக்கிறது என்று.

நிகழ்காலத்தில் நமக்கு இருக்கும் குழப்பம் ஒன்றுதான். ‘போகிறேன்’ என்பது தினமும் போவதற்கும் ஆகும், இந்த நிமிடம் போவதற்கும் ஆகும், நாளைக்குப் போவதற்கும் ஆகும். ஆங்கிலத்தில் வழக்கம் என்றால் ‘ஐ கோ’, நடந்துகொண்டிருப்பது என்றால் ‘ஐ ஆம் கோயிங்’. ‘வழக்கமாகவா, இப்போதா?’ என்று கேட்டுப் பழக்கினால் போதும். பிரசன்ட் கன்டினியூவஸ் என்ற பெயர்கூட அவசியமில்லை.

இறந்த காலத்தில் ஒழுங்கற்ற வினைகளை முதலில் எடுங்கள், புத்தகங்கள் எதிர்மாறாகச் செய்தாலும். ஆங்கிலத்தில் மிக அதிகம் புழங்கும் வினைகள் பத்தையும் எடுத்துப் பாருங்கள்: பி, ஹேவ், டூ, சே, கெட், மேக், கோ, நோ, டேக், சீ. ஒன்றுகூட ‘ஈடி’ சேர்த்து இறந்த காலம் ஆவதில்லை. ‘வென்ட், காட், சா, டுக், செட்’ எல்லாவற்றையும் விதி சொல்லாமல் தனிச் சொற்களாகவே கொடுத்துவிடலாம், முதல் மாதத்திலேயே நேற்று நடந்ததைச் சொல்ல ஆரம்பித்துவிடுவார்கள். ‘ஈடி’ வரும்போது உச்சரிப்பையும் சேர்த்து நடத்துங்கள். அதற்கு மூன்று ஒலிகள்: ‘வாக்ட்’டில் ஒன்று, ‘பிளே’ என்பதன் இறந்த காலமான ‘பிளேட்’டில் சற்றுத் தடித்த ஒன்று, ‘வான்டட்’டில் தனி அசையாக ஒன்று. எழுத்தைப் பார்த்து ‘வாக்கெட்’ என்று வாசிக்கும் ஒருவருக்கு, மற்றவர் பேச்சில் வரும் ‘வாக்ட்’ காதில் விழுவதே இல்லை. விழாததை அவர் சொல்லவும் மாட்டார்.

மற்றவற்றில் வேகமாகப் போகலாம். ஆர்ட்டிக்கிளுக்கு ஒரே விதி: எண்ணக்கூடிய ஒருமைப் பெயர் ஆங்கிலத்தில் பொதுவாகத் தனியாக நிற்காது, முன்னால் ‘எ’, ‘தி’, ‘மை’ என்று ஏதாவது ஒன்று வேண்டும். இதோடு நிறுத்துங்கள், நுணுக்கம் வாசிப்பில் வரும். ‘இன், ஆன், அட்’ மூன்றையும் விளக்கப் போனால் மாட்டிக்கொள்வீர்கள், தொடராகவே மனப்பாடம் ஆகட்டும். பிரசன்ட் பெர்ஃபெக்டைத் தள்ளிப்போடுங்கள். ‘நேற்று வந்திருக்கிறார்’ என்று தமிழில் தாராளமாகச் சொல்லலாம், ஆங்கிலத்தில் ‘எஸ்டர்டே’யோடு ‘ஹேஸ் கம்’ சேராது, ஆகவே நம்மவர்களுக்கு அது இரட்டைச் சிக்கல். ஆக்டிவ் வாய்ஸைப் பாஸிவ் வாய்ஸாக மாற்றும் பயிற்சி பரீட்சை எழுதுபவர்களுக்கு. பன்னிரண்டு கட்ட டென்ஸ் அட்டவணையைச் சுவரிலிருந்தே எடுத்துவிடலாம். கறாராகப் பார்த்தால் ஆங்கில வினை காலத்துக்காக உருமாறுவது இரண்டு வடிவில்தான், நிகழ்காலம் ஒன்று, இறந்த காலம் ஒன்று. மிச்சமெல்லாம் துணைவினைகளின் கூட்டணி. ‘போகிறேன், போகிறாய், போகிறார், போகிறது’ என்று ஆளுக்கொரு விகுதி போட்டுப் பிறந்ததிலிருந்து பேசுபவர்களுக்கு இந்த இரண்டு வடிவம் ஒரு சுமையா என்று கேட்டால் மாணவர்களுக்குத் தைரியம் வரும்.

ஒரு மணி நேர வகுப்பு என்றால் புதிய விளக்கத்துக்கு ஏழெட்டு நிமிடம் தாண்ட வேண்டாம். அதன்பின் ஒரு வாக்கியத்தை எழுதி அதில் ஒரு சொல்லை மட்டும் மாற்றிமாற்றிச் சொல்லவைக்கும் பழைய பயிற்சி. சலிப்பான வேலைதான், ஆனால் வாய் பழக அது தேவை, கொஞ்ச நேரம் போதும். மீதி நேரம் உண்மையான தகவலுக்கு. வகுப்பில் யார் யார் ஆறு மணிக்கு முன்னால் எழுகிறார்கள் என்று கண்டுபிடிக்கச் சொன்னால் எல்லோரும் ‘டூ யூ கெட் அப்’ என்று பத்துப் பேரிடம் கேட்டே ஆக வேண்டும். பயிற்சி என்ற நினைப்பில்லாமலே பத்துத் தடவை ஆகிவிடும். கேட்டவர் பின்பு ‘ஷி கெட்ஸ் அப்’ என்று வந்து சொல்ல வேண்டும். ‘எஸ்’ பழக இதுவே இடம்.

திருத்துவதில் பெரியவர்களிடம் ஒரு ஜாக்கிரதை வேண்டும். வெளியே பொறுப்பில் இருப்பவர்கள், வீட்டில் பிள்ளைகளுக்குப் புத்தி சொல்பவர்கள். வாக்கியத்தின் நடுவில் நிறுத்தித் திருத்தினால் அடுத்த முறை வாயே திறக்கமாட்டார்கள். அதற்காகத் திருத்தாமலே விடவும் முடியாது. பெரும்பாலான ஆசிரியர்கள் செய்வது, மாணவர் தப்பாகச் சொன்னதைத் தாங்கள் சரியாகத் திருப்பிச் சொல்லிவிட்டு நகர்வது. லைஸ்டர், ரான்டா இருவரும் கனடாவில் சிறுவர்களின் பிரெஞ்சு வழி வகுப்புகளைப் பதிவுசெய்து 1997-இல் வெளியிட்ட ஆய்வில், திருத்தங்களில் பாதிக்கு மேல் இந்த வகைதான். அதற்கு மாணவர்கள் ஏதாவது எதிர்வினை காட்டியது மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. பாராட்டுகிறார் என்றே நினைத்துக்கொள்கிறார்கள் போலும். மாணவரே திருத்திக்கொள்ள ஒரு குறிப்புக் கொடுத்தது அதைவிட நன்றாக வேலை செய்தது. ‘எஸ்டர்டே ஐ கோ’ என்றால், ‘நேற்றா?’ என்று மட்டும் புருவத்தைத் தூக்குங்கள். ‘வென்ட்’ அவரிடமிருந்தே வரும். ஒரு வகுப்புக்கு ஒரு வகைப் பிழை மட்டும், மற்றதைக் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். கடைசி ஐந்து நிமிடத்தில் அன்று கேட்ட நாலு வாக்கியங்களைப் பெயர் சொல்லாமல் பலகையில் எழுதி, எல்லோருமாகச் சரிசெய்யட்டும்.

இன்னொன்று, பெரியவர்கள் வகுப்புக்குத் தவறுவார்கள். வேலை, உடம்பு, வீடு என்று நூறு இருக்கும். போன பாடம் புரிந்தால்தான் இந்தப் பாடம் புரியும் என்று சங்கிலியாகக் கட்டினால் ஒரு வாரம் விட்டவர் அப்படியே நின்றுவிடுவார். ஒவ்வொரு வகுப்பும் தன்னளவில் முழுதாக இருக்கட்டும், பழைய விஷயம் புதிய தலைப்பில் திரும்பத்திரும்ப வரட்டும். ‘ஏன் இப்படி?’ என்று கேட்பதும் அவர்கள் வழக்கம். காரணம் இருந்தால் சொல்லுங்கள். இல்லாவிட்டால், அது வழக்கம், காரணம் கிடையாது என்று நேராகச் சொல்லுங்கள். சமாளிப்பதை உடனே கண்டுபிடித்துவிடுவார்கள்.

உங்கள் குழு ஏற்கெனவே பன்னிரண்டு டென்ஸும் முடித்த குழு. மறுபடி முதலிலிருந்து என்று அறிவிக்க வேண்டாம், மனம் விட்டுப்போகும். அடுத்த வகுப்பில் புத்தகத்தை மூடிவிட்டு, நேற்று என்ன செய்தீர்கள் என்பதை ஜோடி ஜோடியாகக் கேட்டுச் சொல்லச் சொல்லுங்கள். நீங்கள் மூலையில் உட்கார்ந்து, எங்கே எழுவாய் விழுகிறது, எங்கே ‘ஆம்’ மிகுதியாக வருகிறது, கேள்வியில் ‘டிட்’ வருகிறதா என்று குறித்துக்கொள்ளுங்கள். அந்தக் குறிப்பில் எது அதிகத் தடவை வந்திருக்கிறதோ அதை அடுத்த இரண்டு வாரங்களுக்குப் பாடமாக வைத்துக்கொள்ளுங்கள், அதன்பின் மறுபடி ஒரு தடவை இதேபோல உட்கார்ந்து கேளுங்கள்.